கை காட்ட ஓர் ஆள்

பெண்களுக்குப் பஸ் இலவசமான நாளிலிருந்து, மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து அந்த நிறுத்தத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. பெண்கள் மட்டும் நின்றால் டிரைவர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். ஓர் ஆண் நின்று கை காட்டினால் நிறுத்துவார். அதனால் ராஜாக்கண்ணு தினமும் காலையில் வந்து கை காட்டுவார். பெண்கள் ஏறிக்கொள்வார்கள், அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கூலி ஒரு டீ.

சசிகலாவுக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். பெண்ணியக் கூட்டமைப்பின் ஊழியராகப் பதினெட்டு வருஷமாக மலை ஏறி இறங்குகிறவள். தெரிந்தும் சிரித்துவிட்டுப் போனாள். எதற்கெல்லாம்தான் சண்டை போடுவது என்ற அலுப்பு. அதே அலுப்பில்தான் இன்று காலை அலுவலகத்துக்கும் பதில் எழுதினாள். 'பெண்ணியம்' என்றாலே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'மகளிர் மேம்பாடு' என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். "எடுத்துடுங்க" என்று செல்போனில் தட்டிவிட்டாள். மலையில் சிக்னல் இல்லாததால் அது போகாமல் நின்றது.

இன்று வெண்ணிலாவைப் போளூர் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அடிக்கிற புருஷன் மேல் வழக்கு. அவனுக்குப் பயந்து ஏற்கெனவே இரண்டு தடவை அவள் போகவில்லை. இன்றும் போகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று வக்கீல் கறாராகச் சொல்லியிருந்தார். அடுத்த பஸ் மதியம்தான்.

பஸ் சத்தம் கேட்டதும் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் பழக்கதோஷத்தில் ராஜாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் சிறுபாலத்துச் சுவரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வெண்ணிலாவின் புருஷன் அவருடைய அக்கா மகன்.

"எங்க அக்கா பையன கோர்ட்டுக்கு இஸ்துகினு போறதுக்கு நானே கை காட்டணுமா? இன்னா நாயம்ங்க இது?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

சசிகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, இத்தனை நாள் சிரித்த தன் மேல். பையைக் கீழே போட்டுவிட்டு நடு ரோட்டில் போய் நின்றாள். ஹாரன் அடித்துக்கொண்டே வந்த பஸ் நாலடி தள்ளிக் குலுங்கி நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசிப் பெண் ஏறும் வரை அவள் நகரவே இல்லை.

பிறகு பையை எடுத்துக்கொண்டு தானும் ஏறி உட்கார்ந்தாள். வெண்ணிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த குப்பம்மா மட்டும் திரும்பிக் கடுகடுத்தாள்.

"நீ இன்னிக்கு எறங்கிப் போய்டுவ. நாளைக்கு அந்த ராஜாக்கண்ணு மொகத்துல நாங்கதான முழிக்கணும்?"

நியாயம்தான். அலுப்பில் அவள் விட்டுக்கொடுத்தது இந்தக் கை காட்டலை மட்டுமல்ல, காலையில் அந்த வார்த்தையையும்தான். இன்னும் இரண்டு வளைவு இறங்கினால் சிக்னல் வந்துவிடும். சசிகலா செல்போனை எடுத்து, போகாமல் நின்ற பதிலை அழித்தாள். "அந்த வார்த்தை இருக்கட்டும்" என்று தட்டினாள். ஏன் என்று விளக்கி எழுதத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குப்பம்மா மறுபடி திரும்பினாள். இப்போது குரலில் காரம் இல்லை.

"ஏம்மா, எங்க நிக்கணும்? வளைவுலயே நின்னா டிரைவருக்குத் தெரியாதே. எம்மாந்தூரத்துல நின்னா பிரேக்கு புடிப்பான்?"

"தெர்லக்கா," என்றாள் சசிகலா. "நானும் இன்னிக்குத்தான் மொத தடவ நின்னேன்."