எட்டு மணி என்று யார் சொன்னது?

கிட்ட வாங்க என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கூட வேலை செய்த அத்தனை பேர் மேலும் சந்தேகப்பட்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் வேலை இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். பார்த்துவிடுங்கள், தப்பே இல்லை.

அது ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம். தெருவைப் பார்த்த அலுவலக அறை, அதற்குப் பின்னால் ஆவி பறக்கும் பெரிய கூடம். நம்மவள் அங்கே சூப்பர்வைசர். எல்லாருக்கும் அவள் ‘அக்கா’தான்.

ஈர விரிப்பை இழுத்துச் சூட்டோடு தேய்த்துத் தள்ளும் உருளை இயந்திரம் ஒன்று உண்டு. கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. அதை ஓட்டிய உருளைக்காரனோ, வேலை வேகமாக ஓட வேண்டுமென்று அந்தக் கம்பியைக் கயிறு போட்டு மேலே கட்டிவிடுவான். ஒருநாள் விரிப்பு மடிக்கும் பெண்ணின் சட்டைக் கையை உருளை கவ்வியது. அக்கா ஓடிவந்து பொத்தானை அமுக்கி நிறுத்தியதால் மயிரிழையில் கை தப்பியது. நடந்ததை அக்கா அப்படியே எழுதிக் கொடுத்தாள். முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தினார்.

போகும்போது அவன் கத்தவில்லை. “ரோட்டுலதானே நடந்து போகணும், அக்கா?” என்று மட்டும் கேட்டான்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தாள். எதிர்ச் சாரியில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். பஸ் நிறுத்தம் வரை பத்தடி பின்னால் வந்தான். அந்த வாரம் பூராவும் அப்படித்தான்.

முதலாளியிடம் சொன்னாள்.

“மேல கை வச்சானா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? ரோடு என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா? நாலு நாள்ல அவனுக்கே அலுத்துப் போயிடும்.”

அடுத்த வாரம் அவளுக்கு மதிய முறை, எட்டு மணிக்குத்தான் முடியும். இன்றைக்காவது தப்பித்தோம் என்று வெளியே வந்தாள். கம்பத்தடியில் சாவிக்கொத்துச் சத்தம்.

“எட்டுன்னா டாண்ணு எட்டுக்கு வந்துட்டீங்களே அக்கா!”

எட்டு மணி என்று இவனுக்கு யார் சொன்னது? அங்கேதான் பிடித்தது வினை. ஆவி பறக்கும் கூடத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொட்டலம் கட்டுகிறவன் ஏன் இன்றைக்குச் சிரிக்கவில்லை? வாட்ச்மேன் யாரோடு ஃபோனில் குசுகுசுக்கிறார்?

உள்ளே யாரோதான் நேரம் சொல்கிறார்கள் என்று அவள் சொன்னதும் முதலாளிக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. வாசலில் ஒரு வாளியை வைத்து எல்லார் ஃபோனையும் அதில் போடச் சொன்னார். மடிக்கிற மேஜைக்கு நேர் மேலே ஒரு கேமரா மாட்டினார். வாட்ச்மேன் வாளியை எட்டிப் பார்த்து, “என் பல்செட்டையும் கழட்டிப் போட்டுடவா சார்? அதுவும் பேசுது” என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லார் பேச்சும் நின்றுபோனது. உருளைக்காரன் மட்டும் எட்டு மணிக்கு வந்துகொண்டே இருந்தான்.

அக்கா ஒரு யோசனை செய்தாள். வியாழக்கிழமை மட்டும் காலை முறைக்கு மாற்றிக்கொண்டாள். மடிப்புக்காரியிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னாள். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஒழுங்கு தவறாதவள் அல்லவா, புதன்கிழமை காலையிலேயே முறைப் பட்டியலில் சிவப்பு மையால் திருத்தி, பழையபடி ஒட்டிவிட்டுப் போய் வேலையைப் பார்த்தாள்.

வியாழன் இரண்டு மணி. கம்பத்தடியில் அவன்.

“நேரத்தை மாத்திட்டீங்களாமே! ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?” இந்தத் தடவை பத்தடி தள்ளி வரவில்லை, தோளை ஒட்டி நடந்தான். “அடுத்த வாரம் பஸ்ஸுலயும் கூடவே வர்றேன். வீட்டைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.”

அன்று அவள் கணவன் சொன்னான்: “போதும்மா. இந்த வாரத்தோட வேலையை விட்டுடு. ஆள் இருந்தாத்தான் வேலை.” எப்படி விடுவாள்? பத்து வருஷம் கட்டி நிறுத்திய வேலை, கண்ணுகளா.

வெள்ளிக்கிழமை மடிப்புக்காரியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

“உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்.”

“என்னக்கா சொல்ல வர்றீங்க?”

“அவன் உனக்குச் சொந்தம்தானே?”

“ஆமா, தூரத்துச் சொந்தம். என் கல்யாணத்துல ரெண்டு பந்தியிலயும் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு சொல்லாமப் போன சொந்தம்!” கையை நீட்டிக் காட்டினாள். “இந்தக் கை இன்னிக்கு என் தோள்ல ஒட்டிக்கிட்டு இருக்குன்னா உங்களாலதான். உங்களையா காட்டிக் கொடுப்பேன்?” மேலங்கியைக் கழற்றி மேஜையில் வீசிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியை யாரோ வெளியிலிருந்து டொக் டொக்கென்று தட்டினார்கள். அக்கா நிமிர்ந்தாள். மடிப்புக்காரிதான். அழுது சிவந்த கண். ஒரு விரல் கண்ணாடியில் ஊன்றியிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் வெறும் காகிதத்தின் முதுகு.

அக்கா தெருவுக்கு ஓடினாள். கண்ணாடியில், தெருவைப் பார்த்து, அந்த வார முறைப் பட்டியல். அவள் கையெழுத்து. அவள் பெயர். வியாழனுக்கு நேரே சிவப்பு மை.

சனிக்கிழமைதோறும் முறை பார்க்க அலுவலகத்தில் கூட்டம் சேருகிறது, தெருவிலிருந்தே படித்துவிட்டுப் போகட்டும் என்று முதலாளி எப்போதோ போட்ட ஏற்பாடு அது. அவளும் உள்ளேயிருந்து ஒட்டி ஒட்டிப் பழகிவிட்டாள். போகிற வருகிறவன் எல்லாம் படிக்கலாம் என்பது ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டுத் தெருவில் நிறுத்தினாள். “படிங்க சார்.”

படித்தார். முகம் வெளுத்துவிட்டது. “இதை ஒட்டினது நீதானேம்மா...”

“ஒட்டச் சொன்னது யாரு?” என்றாள் மடிப்புக்காரி.

முதலாளி உள்ளே போய்த் தன் நகத்தாலேயே அதைச் சுரண்டி எடுத்தார். பிறகு வந்து கேட்டார்: “நான் என்ன செய்யணும், சொல்லும்மா.” இதை முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும் அந்த மனுஷன்.

“அவன் கை வைக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க சார்.”

அன்றைக்கே அவளோடு போலீஸ் நிலையத்துக்குப் போனார். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பேச்சு என்று எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். ஃபோன் வாளி துணி அலசப் போனது. மேஜைக்கு மேலிருந்த கேமரா தெரு வாசலுக்கு மாறியது. உருளைக்காரன் படம் வாட்ச்மேன் கைக்கு வந்தது. யாரும் தனியாகப் பஸ் நிறுத்தத்துக்குப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகப் போகணும், அந்த நேரமும் வேலை நேரக் கணக்குத்தான் என்று முதலாளியே சொன்னார்.

சனிக்கிழமை காலையில் உருளைக்காரன் வந்தான். வெறும் கண்ணாடி. நம்ப முடியாமல் இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தான். மேலே கேமராவும் அவனைப் பார்த்தது. வாட்ச்மேன் போலீஸுக்கு ஃபோன் போட்டார். இனி அந்தத் தெருப்பக்கம் வருவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவனை விட்டார்கள். பிறகு அவன் வரவில்லை. ஆனாலும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் நடந்தாள். பயம் என்ன, சொன்ன உடனே எழுந்து போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை கணவனிடம், “நாளைக்கு எனக்கு வேலை இருக்கு” என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “கூட யார் வர்றா?” என்று மட்டும் கேட்டான்.

வந்தவள் மடிப்புக்காரிதான். தினமும் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம் வாயைத் திறந்தாள்.

“எனக்குக் கோபம் இன்னும் போகலை.”

“தெரியும்டி.”

“பஸ் வருது. ஏறுங்க.”

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் போன கை காலோடு திரும்பி வரட்டும். அவர்களுக்குப் பக்கத்தில் நடக்க ஒரு துணை இருக்கட்டும். பொழுது சாயும்போது உங்கள் வாசலில் ஒரு ஜோடிகூடக் குறையாமல் எல்லாச் செருப்பும் வந்து சேரட்டும்.