விற்கிற வண்டிக்கு எது போட்டால் என்ன

செத்துப்போனவளின் காரை விற்றுவிடலாம் என்று அவள் குடும்பம் கூடி முடிவெடுத்தபோது கணவனான அவனும் அங்கேதான் இருந்தான். நாற்காலிகளும் இருந்தன. வித்தியாசம் பெரிதாக ஒன்றுமில்லை.

மச்சான் வெளியூரிலிருந்து போனில் பேசினான். "பழைய கார் சேக்குற பைத்தியம் ஒண்ணு மாட்டியிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேங்குது. பின்னாடி ஊளையிடுற சத்தம் மட்டும் இருக்கக் கூடாதாம்."

மாமனார் அவன் முகத்தைப் பார்த்தார். "என்ன மாப்ள?"

"சரிங்க மாமா."

அவள் போனதிலிருந்து அவன் வாயில் ரிப்பேர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே சொல் அதுதான். சாப்பிடுறீங்களா, சரி. அவ துணிமணியை யாருக்காவது குடுத்துடலாமா, சரி. வீடு பற்றி எரிகிறது, வெளியே வாங்க என்றாலும் சரி என்று சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

வண்டி போவதில் அவனுக்கு இஷ்டமில்லை. ஓட்டுநர் இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் இழுத்தபடியே இருந்தது. அதில் உட்கார்ந்தால் அவன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். இடித்துக்கொண்டே ஓட்டினான். இதைக் குடும்பக் கூட்டத்தில் என்னவென்று எடுத்து வைப்பது?

ஊளை இடது பின்சக்கரத்திலிருந்து வந்தது. பேரிங் போய் வெகு நாளாகிவிட்டது. வண்டிப் பராமரிப்பில் அவளுக்கு ஒரே கொள்கை: சத்தம் வந்தால் பாட்டைக் கூட்டு. தலைவலிக்கும் அதே வைத்தியம்தான் செய்துகொண்டாள். மருத்துவமனையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். பெயரைச் சொல்லி முடிக்கும்வரைகூட அவள் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை மாமனார் கருவிப்பெட்டியோடு வந்து இறங்கினார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தபோது மோதிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஒரு கார் எப்படியெல்லாம் நசுங்கும் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் கழற்றி மாட்டவும் தெரியும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

பிரேக் டிரம்மை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றினார்கள். பேரிங் ஏறியிருந்த ஆக்சில் தண்டு அசைய மறுத்தது. மாமனார் டிரம்மையே திருப்பி மாட்டி, அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஆக்சில் வந்தது. மாமனாரும் கூடவே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"அடி பட்டுச்சா மாமா?"

"இப்படித்தான் இழுக்கணும்," என்றார், எழாமலே.

லேத் பட்டறையில், பேரிங்கை இறுக்கியிருந்த வளையத்தைத் துளைபோட்டு, உளியால் பிளந்து, பழைய பேரிங்கை வெளியே எடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அதைச் சுழற்றிப் பார்த்தார். கடகடவென்றது.

"இதுலயா ஓட்டுனீங்க? தைரியம்தான்." இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று அழுக்கான அட்டை, உள்ளே கனமான பேரிங். இன்னொன்று கல்யாணப் பத்திரிகை மாதிரி மினுமினுத்தது, விலை பாதி.

"இது ஓடுமா?" என்று மாமனார் மினுமினுப்பைத் தொட்டார்.

"ஓடும்."

"எத்தனை நாளைக்கு?"

"வண்டியை விக்கப் போறீங்களா, வச்சுக்கப் போறீங்களா?"

"விக்கத்தான்."

"அப்ப அது வரைக்கும் ஓடும்."

"விக்கிற வண்டிக்கு எது போட்டா என்ன? என்ன மாப்ள?"

"சரிங்க மாமா."

ஆக்சிலின் ஒரு முனையில் சக்கரம் மாட்டும் அகலமான விளிம்பு இருக்கும். எதைக் கோர்ப்பதானாலும் மறுமுனை வழியாகத்தான் கோர்க்க வேண்டும். முதலில், பேரிங்கை அதன் கூட்டுக்குள் பிடித்து நிறுத்தும் பிளேட். பிறகு பேரிங். கடைசியில் அது நழுவாமல் இறுக்கும் வளையம். பிளேட்டை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஏற்றினால், சட்டையை மாட்டிக்கொண்டு பனியனைத் தேடுகிற கதைதான். இந்தச் சட்டையைக் கிழித்துத்தான் கழற்ற முடியும் என்பது கூடுதல் விசேஷம்.

பிளேட்டை அவன்தான் மண்ணெண்ணெயில் கழுவி, பட்டறை வாசலில் காயவைத்திருந்தான். லேத்காரர் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸில் ஆக்சிலை நிறுத்தியபோது அது அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது. அவன் பார்த்தான். மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தான். மாமா பிரஸ்ஸின் அழகில் லயித்திருந்தார். பேரிங் இறங்கியது. வளையம் இறங்கியது. மிக நேர்த்தியான வேலை.

"அது யாரு வீட்டுத் தட்டு?" என்று லேத்காரர் வாசலைக் காட்டினார்.

மாமனாரின் முகத்தில் நசுங்கிய வண்டிகள் எல்லாம் தெரிந்தன. "நீங்க கோத்துட்டீங்கன்னு நினைச்சேன் மாப்ள."

"நீங்க கோப்பீங்கன்னு நினைச்சேன் மாமா."

"நல்ல குடும்பம்," என்றார் லேத்காரர். "நீங்க நினைச்சுக்கிட்டே இருங்க. நான் ட்ரில்லை எடுக்குறேன்."

"நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"குடுத்ததை அழுத்துறது என் வேலை. குடுக்காததைத் தேடுறது உங்க வீட்டு வேலை."

மினுமினுப்பான பேரிங்கை இழுத்து எடுத்தபோது அது உள்ளே நொறுங்கிப்போயிருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் ஓய்வு பெற்றுவிட்டது. மாமனார் அவன் பக்கம் திரும்பினார்.

"அந்த பிளேட்டைப் பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"அழுத்துறதுக்கு முன்னாடி."

"அப்புறம் வாய்ல என்ன வெல்டிங்கா வச்சிருந்தீங்க?"

அவன் யோசித்தான். "பழக்கம் விட்டுப்போச்சு மாமா."

மாமனார் கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி போய் நின்றபோது பேரிங் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. "என்னங்க, அதுக்குள்ள வித்துட்டீங்களா?" கை தானாகவே மினுமினுத்த பெட்டிக்குப் போனது.

"அது வேணாம். அந்த அழுக்குப் பெட்டி," என்றான் அவன்.

"விக்கிற வண்டிக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு..."

"விக்கல."

சத்தமாக வந்துவிட்டது. அடுத்த கடை ஆள் எட்டிப்பார்த்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "வண்டியை விக்க வேணாம் மாமா. எனக்கு வேணும்."

மாமனார் கடை முக்காலியில் உட்கார்ந்தார். காலையில் விழுந்ததைவிட இதில் அடி கொஞ்சம் பலம்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? நீங்க விக்க வேணாம்பீங்கன்னுதானய்யா உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க பாட்டுக்கு சரிங்க மாமாங்குறீங்க. பெத்தவன் நான் போய் முதல்ல எப்படி வாயைத் தொறக்குறது?"

போன் அடித்தது. மச்சான். மாமனார் எடுத்தார்.

"ஆமாப்பா, பட்டறையிலதான். ... அந்தப் பைத்தியத்தை வர வேணாம்னு சொல்லிடு. ... ஆக்சில்ல பெரிய சேதம். நானே பாத்தேன், தேறாது. ... யாரு செஞ்சதா? வேற யாரு, உன் மச்சான்தான். படிச்சவராச்சே, அப்படித்தான் செய்வார்."

அவன் வாயைத் திறந்தான். மாமனார் உதட்டில் விரலை வைத்து முறைத்தார்.

கடைக்காரர் அழுக்குப் பெட்டியை ஊதித் தூசி தட்டினார். "வச்சுக்கிற வண்டின்னா வலது பக்கத்துக்கும் ஒண்ணு வாங்கிடுங்க. ஒரு பக்கம் புதுசு போட்டா அந்தப் பக்கம் பொறாமையில ஊளையிடும்."

"குடுங்க," என்றார்கள் இருவரும்.