கேட்காத பந்து

1.

இந்தக் கதை பிறந்தது வயிற்றெரிச்சலில். வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் மாசான் நகர பேஸ்பால் அணியில், அடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் நம்குங் தேரிம் பத்தொன்பது வருடம் ஆடி ஓய்வு பெறுகிறான். விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி அணி அலுவலகத்தில் கேட்டார்கள். "நீங்கதானே சார் அவர்கூட ரொம்ப நாள் இருந்தவர்?" இருந்தேன். அதே அணியில், அதே பத்தொன்பது வருடம், நானும் கேட்சர்தான். மைதானத்துக்குள் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம், பிட்சர்கள் கை சூடேற்றும் இடத்தில். அவர்கள் எறிவார்கள், நான் பிடித்து, "அடேயப்பா, என்ன பந்து!" என்று கத்துவேன். கத்துவதும் வேலையில் சேர்த்தி.

2.

முதல் தொடக்கம்: "தேரிமின் கையுறையில் பந்து விழும் ஓசை…" வேண்டாம். ஓசை என் கையுறையில்தான் நன்றாக வரும்.

இரண்டாவது: "பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன், என் கையுறையைத் துடைத்தவன்*, இன்று…"

(*துடைத்தது உண்மை. கீழ் வகுப்புக்காரர்கள் எல்லாரும் மேல் வகுப்புக்காரர்களுக்குத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அதை மட்டும் எழுதாமல் விட்டேன், பாருங்கள்.)

மூன்றாவது: "அவன் புகழ் ஒரு பொய்." இதை அடிக்க மனம் வரவில்லை.

3.

பதினோரு வருடத்துக்கு முந்தைய இறுதி ஆட்டம். ஒரு ரன் முன்னிலை. கடைசிப் பகுதி, இரண்டு பேர் அவுட், இரண்டாம் மூன்றாம் தளங்களில் எதிரணி ஓட்டக்காரர்கள். பந்து தேரிமைத் தாண்டிப் போனால் ஆட்டம் சமன். ஊரே வேகப்பந்தை எதிர்பார்த்தது. வந்தது கடைசி நொடியில் தரைக்கு இறங்கும் வளைபந்து. அடிப்பவன் மூன்றாவது தடவையாகக் காற்றை அடித்து அவுட்டானான். கோப்பை எங்களுக்கு.

கையுறையை உயர்த்தி எல்லாரையும் ஏமாற்றிவிட்டு, கீழே விரல் சைகையில் பிட்சரிடம் வளைபந்து கேட்ட மூளை என்று பத்திரிகைகள் கொண்டாடின. 'நரி' என்று பட்டப்பெயர் வந்தது அந்த ஒரு பந்தால்தான்.

போன மாதம், அந்தப் பந்தை எறிந்த ஓக் போங்ஜுன் தன் நூடுல்ஸ் கடையில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, கிண்ணம் கழுவியபடி சொன்னான்:

"குவாங்சிக் அண்ணே, அவன் வளைபந்து கேக்கவே இல்ல. ரெண்டாம் தளத்துல ஆள் நின்னா, அவன் பாத்துடுவான்னு கேட்சர் வரிசையா பல சைகை காட்டுவான், அதுல மூணாவதுதான் கணக்கு. நான் பதட்டத்துல ரெண்டாவதை எடுத்துக்கிட்டேன்."

"அப்ப அவன் கேட்டது?"

"வேகப்பந்து. ஊரு நெனச்ச அதேதான்."

வாயிலிருந்த உப்புச் சூப் எனக்கு இனித்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

[போங்ஜுன் ஏன் என்னிடம் சொன்னான் என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். நான் வருடக்கணக்காகத் துருவித் துருவிக் கேட்டேன். அவ்வளவுதான்.]

4.

முடிவு ஒன்று: மலரில் போட்டு உடைக்கிறேன், நரியின் சாயம் வெளுக்கிறது.

எழுதியே விட்டேன். அச்சுக்கு அனுப்புமுன் அவன் முகம் தொங்குவதைப் பார்க்க ஆசை. எடுத்துக்கொண்டு போனேன். உடை மாற்றும் அறையில், முழங்கால்களில் ஐஸ் கட்டி உட்கார்ந்திருந்தான். படித்தான். சிரித்தான்.

"போடுங்கண்ணே. அது என் மூளை இல்லன்னு நானே பேட்டியில சொல்லிப் பாத்தேன். என்ன அடக்கம்னு அதுக்கும் கைதட்டுறானுங்க."

"கூச்சமா இல்லையாடா உனக்கு?"

"கூச்சந்தான். ஆனா…" குரல் இறங்கியது. "கிளவுஸ் மேல இருக்கு. பந்து மண்ணுக்குப் போவுது. என்ன வருதுன்னே தெரியாது. அதப் பிடிச்சேனே, அதுக்கு ஒருத்தன்கூட சபாஷ் சொல்லலண்ணே. நீங்களாவது சொல்வீங்கன்னு நெனச்சேன். நீங்களும் கேட்சர்தானே?"

5.

பாவி! அவனைக் கவிழ்க்க எழுதியது அவனை இன்னும் தூக்கி நிறுத்துகிறது. வளைபந்து கேட்பது யாராலும் முடியும். நானும் கேட்பேன். கேட்காத பந்தைப் பிடிப்பது என்பது—

(முடிக்கவில்லை. முடித்தால் பாராட்டாகிவிடும்.)

வெளியிட்டால் அவன் இன்னும் பெரியவன். மறைத்தால் வெறும் நரி; அவன் செய்ததிலேயே பெரிய காரியம் எங்கள் மூவரோடு மக்கிப் போகும். எனக்கு மறைக்கத்தான் ஆசை. பொறாமைக்காரனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

6.

நேற்றுக் காலை போங்ஜுனை மைதானத்துக்கு இழுத்து வந்தேன்.

"என்ன பந்துன்னு சொல்லாம எறி. பத்து."

"நாப்பது வயசுல எதுக்குண்ணே வீம்பு? முட்டி போயிடும்."

"வாய மூடிட்டு எறிடா."

கையுறையை உயர்த்தி உட்கார்ந்தேன். பத்தும் எறிந்தான். எத்தனை பிடித்தேன் என்று இங்கே எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதி அடித்தேன். ஆகவே இடம் விடுகிறேன்:

பத்துக்கு ______.

நீங்களே நிரப்புங்கள். பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் அச்சுக்குக் கொடுப்பதா, கிழிப்பதா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். என் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது, என்னை நம்ப முடியாது.

ஒன்றே ஒன்று, எப்படி முடித்தாலும் இதைச் சேர்க்காதீர்கள்: பத்தாவது பந்து என்னைத் தாண்டி வேலிவரை உருண்டபோது, மண்ணில் மண்டியிட்டபடி, யாரும் கேட்காமலே நான் சத்தமாகச் சொன்னதை.

"எப்படிடா பிடிச்ச, தேரிம்?"