இரண்டாவது விண்ணப்பம்

“தகுதி இல்லை” என்று முதியோர் பராமரிப்புக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மல்சூன் மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதே இரண்டு சொல்தான் இருந்தது. அன்று காலையில்தான் மறதி நோய் கண்ட அவள் கணவர் இன்ஹோ வெந்த சோற்றை அள்ளிச் சலவை இயந்திரத்தில் போட்டு, சோப்புத்தூளும் தூவி ஓடவிட்டிருந்தார். அவருக்குத் தகுதி இல்லையாம்! சோற்றைத் துவைப்பவருக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. குன்சான் மீன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பகல் பராமரிப்பு மையம் இருக்கிறது. காலை எட்டரைக்கு வேன் வரும், மாலை ஐந்துக்குக் கொண்டுவந்து விடும். ஊரில் அதைப் ‘பெரியவங்க பாலர் பள்ளி’ என்று கேலியாகச் சொல்வார்கள். அலுவலகம் ஆள் அனுப்பிப் பார்த்து, முடியாமையின் அளவுக்கு ஏற்ப ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அங்கே சேர்க்க முடியும். தரம் இல்லாவிட்டால் முழுச் செலவும் தலையில் விழும். மல்சூனோ சந்தையில் ஒரு தொடுகறிக் கடையில் நின்று எள் இலைக்கு மசாலா தடவுகிறவள். அவள் சம்பளத்துக்கு அது கட்டுபடி ஆகாது.

அதனால் அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கை கடையில் இருக்கும், உயிர் பூட்டில் இருக்கும். டிசம்பரில் அவர் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். புகை கண்டு தீயணைப்புக்காரர்கள் பூட்டை உடைத்தார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் குடியிருக்க முடியாது என்று அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். சியோலில் இருக்கும் நாத்தனார், “ஆஸ்பத்திரில சேத்துடுங்க அண்ணி” என்று வாரம் ஒரு தடவை போன் செய்தாள். அந்த ஆஸ்பத்திரி எது என்று மல்சூனுக்குத் தெரியும். ஒரு அறைக்கு ஆறு கட்டில், ஒருமுறை ஏறிப் படுத்தவர் எழுந்து நடந்து அவள் பார்த்ததில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துச் சலவைக்கடை ஓக்ஜாவிடம் போனாள். மறதி வந்த மாமியாரை எட்டு வருஷம் பார்த்தவள் ஓக்ஜா. இந்த விவகாரத்தைக் கரைத்துக் குடித்தவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“விசாரிக்க வந்த அன்னிக்கு என்னடி பண்ணின?”

“என்ன பண்ணுவேன் அக்கா? வீட்டைத் துடைச்சேன். அவருக்கு முடி வெட்டி, கோட்டு மாட்டிவிட்டேன். ஆபீஸ்ல இருந்து வந்த பொண்ணுக்குப் பேரிக்காய் நறுக்கி வச்சேன்.”

“பெண் பாக்க வந்தாங்களாடி உன் வீட்டுக்கு? சரி, சிரமம் ஏதாவது இருக்கான்னு கேட்டிருப்பாங்களே, என்ன சொன்ன?”

மல்சூன் தலையைக் குனிந்தாள். “பெரிசா ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

“நாசமாப் போச்சு! வாயில வந்த சோத்தைத் துப்பிட்டு இப்ப பசிக்குதுன்னு அழறியா?”

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட புருஷனைப் பத்தி எப்படி அக்கா...”

“அவங்க விருந்தாளி இல்லடி. அவங்க கையில இருக்கிறது படிவம். நீ பூசி மெழுகினா, மெழுகினதைத்தான் எழுதிக்குவாங்க.”

திட்டி முடித்த பிறகு ஓக்ஜா வழியும் சொன்னாள். சுகாதார நிலையத்தில் மறதி நோய் மையம் ஒன்று இருக்கிறது, காசு வாங்காமல் சோதித்துச் சீட்டுத் தருவார்கள், சட்டையில் தைக்கப் பெயர்ப்பட்டையும் தருவார்கள், முதலில் அங்கே போ என்றாள். தினம் நடப்பதை ஒரு நோட்டில் எழுது. வீட்டைக் கூட்டாதே, கோட்டை எடுக்காதே. அவர் எதிரில் பேசக் கூச்சமாக இருந்தால் அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டுப் பேசு. மல்சூன் ஒன்று விடாமல் செய்தாள். மறுபடி விண்ணப்பித்தாள்.

ஏப்ரலில் அதே பெண் வந்தாள். யூன்ஜு என்று பெயர். தரையில் கிம்ச்சி ஊறுகாயின் சாறு காய்ந்து கிடந்தது. துடைக்காமல் இருப்பதற்குள் மல்சூனுக்குக் கை பரபரத்துப் போயிற்று. யூன்ஜுவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் இன்ஹோவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. நகராட்சி அலுவலகக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனிதர் அல்லவா! எழுந்து குனிந்து வணங்கி, உட்காரச் சொன்னார்.

“ஐயா, இன்னிக்கு என்ன தேதி?”

“ஆபீஸ்ல இருந்து வரீங்க, தேதி தெரியாமலா வந்தீங்க?” என்றார் இன்ஹோ. யூன்ஜு சிரித்துவிட்டாள்.

“இப்ப என்ன பருவம்?”

ஜன்னலுக்கு வெளியே செர்ரி பூத்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, “வசந்தம்” என்றார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். சமையல் நான்தான் என்றார். போதாக்குறைக்கு, “மின்சே அம்மாவுக்குத்தான் கொஞ்ச நாளா மறதி, பாவம்” என்றார். மின்சே அவர்கள் மகள். கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள்.

யூன்ஜுவின் பேனா கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டே போயிற்று. இப்படியே போனால் மறுபடியும் ‘தகுதி இல்லை’தான் என்று மல்சூனுக்குப் புரிந்தது. “மேடம், கொஞ்சம் வெளிய வரீங்களா?” என்று எழுந்தாள். உடனே இன்ஹோவும் எழுந்து செருப்பைத் தேடினார். கொஞ்ச நாளாகவே அவள் கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் வந்து நிற்கிறவர் அவர். வெளியே தனியாகப் பேசுவதாவது!

மூவரும் திரும்ப உட்கார்ந்தார்கள். “சிரமம் ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டாள் யூன்ஜு.

‘பெரிசா ஒண்ணுமில்ல’ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆறு கட்டில் அறை கண்ணில் தெரிந்தது. மல்சூன் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

“இவர் சொன்னது எதுவும் நிஜம் இல்ல மேடம். சமைக்கறது இல்ல. வெறும் பாத்திரத்தை எரிச்சார். காலைல சாப்பிட்டதை உடனே மறந்துட்டு, பட்டினி போடறான்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொல்றார். நனைஞ்ச பேன்ட்டை அரிசி டப்பாவுல ஒளிச்சு வைக்கறார். நான் அந்த அரிசியைக் கழுவித் தின்னேன், புது மூட்டை வாங்க வழியில்லாம. போன மாசம் குளிப்பாட்டறப்ப என்னைத் திருடின்னு நினைச்சு அடிச்சுட்டார். பல்லு ஒண்ணு போயிடுச்சு.” வாயைத் திறந்து காட்டினாள். நோட்டை நீட்டினாள். அவள் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் மூன்றாம் மனுஷியிடம் அவரைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசாதவள் அவள்.

யூன்ஜு எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

“நானா அடிச்சேன்?” என்று கேட்டார் இன்ஹோ.

“ஆமாங்க.”

அவர் குனிந்து அவள் வாயில் பல் இல்லாத இடத்தைப் பார்த்தார். அப்புறம் யூன்ஜுவின் பக்கம் திரும்பினார். கவுண்டரில் இருந்து பேசும் அதே குரல்.

“எழுதிக்குங்க மேடம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆனா இவ பொய் சொல்ல மாட்டா. நான் சொன்னதையெல்லாம் அடிச்சுட்டு, இவ சொன்னதை எழுதுங்க.”

யூன்ஜு எழுதினாள். நாலாம் தரம் என்று அடுத்த மாதம் கடிதம் வந்தது. வேனும் வந்தது. ஓக்ஜா கைதட்டி வழியனுப்பினாள்.

ஆனால் யூன்ஜு வந்துபோன அன்று சாயங்காலம், சோற்றில் கரண்டி வைத்த இன்ஹோ சட்டென்று நிறுத்தினார்.

“உன் பல்லு எங்க?”

மல்சூன் அவரைப் பார்த்தாள். மத்தியானம் நடந்ததில் ஒரு துளிகூட அந்த முகத்தில் இல்லை.

“குளியலறையில வழுக்கி விழுந்துட்டேங்க.”

“பாத்து நடக்க மாட்டியா?” என்று கடிந்துகொண்டார். “நாளைக்கு முதல் வேலையா உன்னைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். தனியா போயிடாத, என்ன?”

“சரிங்க, நீங்களே கூட்டிட்டுப் போங்க” என்றாள் மல்சூன். மீன் துண்டின் முள்ளை எடுத்துவிட்டு அவர் சோற்றின் மேல் வைத்தாள்.