உபயம்: ரோச்

கடற்கரைக்கு வருகிறவர்கள் தட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, அப்படியே நம் கடைகளில் நாலு டீயும் குடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தருவைகுளத்தில் அந்தக் குழாய் வாத்தியத்தைக் கட்டினார்கள். வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பேர் கொடுத்த பன்னிரண்டு இரும்புக் குழாய்கள். கயிற்றில் வரிசையாகத் தொங்கும். மரக்கட்டையால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும்.

பேச வைத்தவர் பிளாரன்ஸ் அக்கா. மாதா கோயிலில் இருபது வருஷம் ஆர்மோனியம் வாசித்தவர். பாட்டுக் குழு போடுகிற சத்தத்தில் அவர் வாசிப்பது அவருக்கே கேட்டதில்லை. எட்டு மாதமாகக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சுரம் சேர்த்தார். திறப்பு விழாவில் தனியாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும், ஊர் வாயை மூடிக் கேட்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டு அடுப்படி ஜன்னல் எங்கள் பக்கம்தான் திறக்கிறது.

விழாவுக்கு முந்தின நாள் அக்கா சேலை எடுக்கத் தூத்துக்குடி போயிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு பேரும் தங்கள் தங்கள் குழாயில் ஒரு கிரானைட் பலகையை வைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிட்டார்கள். ‘உபயம்’ என்று தொடங்கி, அப்பா பெயர், படகுப் பெயர், போன் நம்பர் வரை. எல்லாவற்றிலும் பெரிய பலகை அக்காவின் வீட்டுக்காரர் ரோச் அண்ணனுடையது. அதில் பேரப்பிள்ளைகள் பெயர்கூட இருந்தது. பிளாரன்ஸ் பெயர் மட்டும் இல்லை.

ஞாயிறு மாலை கூட்டம் கூடியது. அக்கா முதல் குழாயைத் தட்டினார். டொக். அடுத்ததைத் தட்டினார். அதுவும் டொக். பன்னிரண்டும் கதவு தட்டுகிற சத்தம்தான்.

“உள்ள ஆள் இல்ல போலக்கா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

“இந்தக் கல்லெல்லாம் கழத்துங்க. கல்லு கட்டினா எப்படி சத்தம் வரும்?” என்றார் அக்கா.

“ரோச் கழத்தட்டும், நானும் கழத்துதேன்” என்றார் மளிகைக்கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி.

“மொதல்ல அண்ணாச்சி கழத்தட்டும். பேரு இல்லாட்டி எவன் குடுத்தான்னு யாருக்குத் தெரியும்?” என்றார் ரோச்.

அக்கா ஜெனரேட்டர்காரரிடம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு நேராகத் தன் வீட்டுக்காரர் குழாய்க்குப் போனார்.

“ஏளா, ஊரே பாக்குது!” என்றார் ரோச் அண்ணன்.

“பாக்கட்டும். அதுக்குத்தான புதுச்சேலை கட்டி வந்திருக்கேன். இந்தாங்க, பிடிங்க.”

ரோச் அண்ணன் பலகையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். அக்கா தட்டினார். டங்ங்ங் என்று எழுந்த நாதம் அலை வரைக்கும் போயிற்று. ஐஸ் விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“இது யாரு குழாய்?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரோச் குழாய்ல்லா!” என்று கூட்டமே சொன்னது. மைக்கிலும் சொன்னார்கள்.

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு ஸ்பேனருக்குப் பதினொரு பேர் அடித்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் அத்தனை கல்லும் மணலில் கிடந்தது. பிறகு அக்கா வாசித்தார். நான்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அடுப்படி ஜன்னல் வழியே குரல் வந்தது.

“ஏளா, எங்குழாய ரெண்டு தடவதான் தட்டுன. அண்ணாச்சி குழாய பதினாலு தடவ!”

“பாட்டு அப்படி.”

“அப்ப வேற பாட்டு வாசி.”

“காலைல வாங்க, சொல்லுதேன்.”

காலையில் பார்த்தால் அக்கா வீட்டு வாசலில் வரிசை. தன் குழாய் நிறைய வருகிற பாட்டாக அடுத்த ஞாயிறு வாசிக்கச் சொல்லிக் கேட்கப் பதினொரு பேர் நின்றார்கள். கடைசியில், பல் துலக்கின கையோடு, சொந்த வீட்டு வாசலில் ரோச் அண்ணன்.