சித்திரையில் போட்ட கொத்தமல்லி

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தண்ணீர் வாய்க்காலில் ஏறும்வரை பல் தேய்ப்பேன். கொத்தமல்லியை வேரோடு பிடுங்கி, அலசி, கட்டுக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி சைக்கிளில் ஏற்றுவேன். கீழக்குயில்குடியிலிருந்து ஆரப்பாளையம். கடைகளில் போட்டுவிட்டு வந்து குளிப்பேன். ஆத்தா பழைய சோறு வைப்பாள். சாப்பிடுவேன்.

நான் தாவரவியல் படித்தவன். ஐப்பசியில் விதைத்தால் குளிருக்குக் கொத்தமல்லி தழைக்கும், வாசம் நிற்கும். சித்திரையில் விதைத்தால் சாண் உயரம் வருமுன் தண்டு நீண்டு பூத்துவிடும், இலை நூலாகிவிடும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆத்தாவுக்குப் பரீட்சை எழுதாமலே தெரியும். சித்திரையில் அவள் ஒரு பிடி விதை எடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் புது மருமகளின் கைராசியைக் கொத்தமல்லி போட்டுத்தான் பார்ப்பார்கள். ஒரு பாத்தி கொடுப்பார்கள். அவளே விதையைத் தரையில் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும்.

இந்த வருஷம், எழுபத்தெட்டு பங்குனியில் இருளாயியைக் கட்டினேன். தன் அண்ணன் மகள் ரெங்கம்மாளைக் கொண்டுவர ஆத்தாவுக்கு ஆசை. நான் மறுத்திருந்தேன். சித்திரை பிறந்ததும் ஆத்தா இருளாயியிடம் விதையைக் கொடுத்தாள். ஐப்பசிவரை பொறுக்கலாம் என்றேன்.

"காலேசுல இதையுமா சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் ஆத்தா.

இருளாயி தென்னங்கீற்றால் நிழல் கட்டினாள். குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். பாத்தி வெள்ளையாகப் பூத்தது. ஆத்தா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எம் மருமக கையப் பாருங்கடி. இலை கேட்டா பூ குடுக்குது. பொணத்து மேல போட ஆகும்."

சிரித்தார்கள். இருளாயியும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். அதன்பின் ஆத்தா அவளை விதைப்பானையைத் தொட விடவில்லை. பாலுக்கு உறை ஊற்றக்கூட விடவில்லை.

ஆவணியில் இருளாயிக்கு மஞ்சள்காமாலை வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தும் உயிர் தங்கவில்லை.

ஐப்பசியில் ரெங்கம்மாளை அழைத்து வந்தார்கள். தாலி ஏறுமுன்பே கைராசியைப் பார்த்துவிடலாம் என்றாள் ஆத்தா. அதே பாத்தி. பச்சைப் பாய் விரித்த மாதிரி தழைத்துவிட்டது. இன்று நான் கொண்டுபோன கட்டுகள் அதில் பிடுங்கியவைதான். கடைக்காரன் மோந்து பார்த்து, இன்னும் வேண்டும் என்றான்.

இன்று அதே பெண்கள் வந்து பார்த்தார்கள். ரெங்கம்மாளின் அப்பா மலைச்சாமி தை மாதத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லோரையும் வைத்துக்கொண்டு ஆத்தாவிடம் சொன்னேன். வருகிற சித்திரையில் நீ ஒரு பாத்தி போடு. தழைத்தால் ரெங்கம்மாளைக் கட்டிக்கொள்கிறேன்.

ஆத்தா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்தாள்.

"சாகப்போற நேரத்துல அவ என்ன சொன்னா தெரியுமா? இந்த வீட்டுல பச்சை தழைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுல்ல செத்தா. ரெங்கம்மா கை பட்டுத்தான் அந்தச் சாபம் போச்சு."

பெண்கள் தலையாட்டினார்கள். மலைச்சாமி மாமா வெற்றிலையை மடித்தார்.

ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. இருளாயி பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். இது என்ன மாதம் என்று கேட்டாள். ஆவணி என்றேன். விரலை மடக்கி எண்ணினாள்.

"அத்தைகிட்டச் சொல்லுங்க. ஐப்பசில எனக்கு இன்னொரு பாத்தி குடுக்கச் சொல்லி."