மூன்றாவது கேள்விக்கு ஜட்ஜம்மாவின் பதில்

பெயிண்டரின் மகளுக்கு வயது பதினேழு. வீட்டில் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. பாதிச் சுவரோடு நின்றுபோன வேலையைக் கேட்டு ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் போன் செய்தபோது, "அப்பா கட்டிலுக்கு அடியில இருக்கார். ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னார்" என்று அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டாள். மீதிச் சுவர் அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது.

எண்கள் அவளிடம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். எழுத்துகளும் அவ்வளவு சீக்கிரம் பிடி கொடுக்காது. அதனால் மேல்நிலைப் பள்ளியின் தனிப் பிரிவில் படித்தாள். அங்கே கடைசி வருஷப் பாடம் என்பது சலவை இயந்திரம், கடிகாரம், போன், பேருந்து. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் திங்கட்கிழமை முதல் பயிற்சிக்கு ஓர் இடம் இருந்தது. அவளுக்கு அந்த இடத்தின் மேல் உயிர். அவள் மடித்த படுக்கை விரிப்பைப் பிரிக்க மூன்று நர்சுகள் வேண்டும் என்று பேச்சு. ஆனால் பதினாறாம் நம்பர் பேருந்தில் தனியாகப் போகத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போய்க் காட்டி, படிவத்தில் இருந்த மூன்று கேள்விகளுக்கும் அவளே 'ஆமாம்' சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

பெயிண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினாறும் அறுபத்தொன்றும் ஒரே நிறுத்தத்தில்தான் நிற்கும். அறுபத்தொன்று துறைமுகத்துக்குப் போகும். அங்கே கப்பல் இருக்கும். இதற்கு மேல் யோசித்தால் மகள் இரண்டு கடல் தாண்டிவிடுவாள்.

"யாரும் பின்னாடி போகக் கூடாது. நானும் போகமாட்டேன்" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெயிண்டரும் தலையை ஆட்டியிருந்தார். தலையைத்தானே ஆட்டினோம், வாயால் ஒன்றும் சொல்லவில்லையே என்று வியாழக்கிழமை காலை அவர் சமாதானம் செய்துகொண்டு, ஒரு நிறுத்தம் முன்னாலேயே போய் பதினாறில் ஏறிக்கொண்டார். மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி, காது வரை இழுத்துவிட்ட தொப்பி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

பக்கத்து இருக்கையில் யாரோ செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். தாளில் ஓர் அமைச்சர் தலைகீழாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர்?"

"நான் டீச்சர் இல்ல."

"சரி டீச்சர்."

"மெதுவா பேசுங்க! அங்க முன்னால பாருங்க, யாரோ ஒரு அம்மா பஸ்சுக்குள்ள குடைய விரிச்சு வச்சிருக்காங்க."

பெயிண்டர் பார்த்தார். குடையின் கைப்பிடியில் அவரே அடித்த பச்சைப் பெயிண்ட். தையல்காரரிடம் போவதாகச் சொல்லிக் கிளம்பிய மனைவி அதற்கு அடியில் இருந்தாள். பின்கண்ணாடி வழியே பார்த்தால், பேருந்தை முந்த வந்த வண்டிகளையெல்லாம் ஒரு கையால் தடுத்தபடி ஸ்கூட்டரில் மச்சான் வந்துகொண்டிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் ஜட்ஜம்மா நின்றாள். கையிலிருந்த, பதினாறு என்று எண் எழுதிய அட்டையைப் பேருந்தின் எண் பலகைக்கு நேரே பிடித்து, முதலில் ஒன்று, அப்புறம் ஆறு என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நேரே பார்த்தபடி வந்தாள். அன்று அந்தப் பேருந்தில் வேஷம் போடாமல் வந்தவர்கள் அவளும் டிரைவரும்தான். டிரைவரைப் பற்றியும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சரியாக இறங்கினாள்.

மத்தியானம் வகுப்பறையில் டீச்சர் படிவத்தை எடுத்தார். அப்பா, அம்மா, மாமா மூவரும் ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"சரியான பஸ்ல ஏறினியா?"

"ஆமாம்."

"சரியான இடத்துல இறங்கினியா?"

"ஆமாம்."

"தனியா போனியா?"

"இல்ல."

டீச்சரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"அப்பா வந்தார், டர்பன்டைன் வாசம் அடிச்சுச்சு. அம்மா வந்தாங்க, அது நம்ம வீட்டுக் குடை. டீச்சர், நீங்க பேப்பரைத் தலைகீழா படிச்சீங்க. மாமா ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தார்."

"பார்த்துட்டு ஏன்டி ஒரு வார்த்தை பேசல?" என்றாள் அம்மா.

"தெரியாதவங்களோட பஸ்ல பேசக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நீங்க எல்லாரும் தெரியாதவங்க மாதிரி இருந்தீங்க."

பெயிண்டர் குழைந்தார். "ஏம்மா, 'ஆமாம்'னு ஒரே ஒரு தடவை சொல்லிடேன். உனக்குப் பிடிச்ச வேலைல்ல?"

"பிடிக்கும்." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "ஆனா தனியா போகலையே. நீங்கதானே போகவிடல."

மூக்கை உறிஞ்சிவிட்டு அவளே தீர்ப்பைச் சொன்னாள்: "நாளைக்கு நான் போவேன். நீங்க நாலு பேரும் இந்தக் கிளாஸ்ல உட்கார்ந்து பெட்ஷீட் மடிக்கணும். இறங்கினதும் போன் பண்றேன்."

வெள்ளிக்கிழமை நால்வரும் மடித்தார்கள். மச்சான் மடித்தது மூட்டையாக வந்தது. எட்டு நாற்பதுக்கு வரவேண்டிய போன் வரவில்லை. எட்டு நாற்பத்தைந்துக்கும் வரவில்லை. பெயிண்டரின் கப்பல் நங்கூரம் எடுத்துவிட்டது. விரிப்பைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

"என்னங்க, உட்காருங்க" என்றாள் மனைவி. அவளே எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னாள்.

எட்டு ஐம்பதுக்கு டீச்சரின் போன் அடித்தது. டீச்சர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"இறங்கிட்டேன். முதல்ல அறுபத்தொன்னு வந்துச்சு, ஏறல. அப்புறம் பதினாறு வந்துச்சு. டிரைவர் அண்ணன்தான் வண்டிய எடுக்கல. 'நேத்து வந்த உங்க ஆளுங்க எங்க, வரட்டும்'னு நிறுத்தி வச்சுட்டார். வரமாட்டாங்கன்னு பத்து தடவை சொன்னேன்." பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டாள்: "அப்பா, நாலு பேரும் கிளாஸ்லதானே இருக்கீங்க?"

பெயிண்டர் குனிந்து பார்த்தார். ஒரு கால் வகுப்பறைக்குள் இருந்தது. மற்றது வாசற்படியைத் தாண்டி வராந்தாவில் இருந்தது.

அதை மெதுவாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார்.